விருந்தாளியை வெட்டும் தண்ணீர்

நமுனுகுல தேயிலைத் தோட்டம், மேற்பிரிவு லயம்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தண்ணீரைத் துருவித் துருவி ஆராயும் அன்பு மருமகள் ஜெயந்தினிக்கு, தாய்மாமன் சதீஸ்குமார் மலையளவு ஆசி கூறி எழுதுவது. நானும் என் தொப்பையும் நலம். உன் அப்பா முருகையா மச்சான் மட்டும் என்னிடம் முதுகைக் காட்டியபடி பேசுகிறார்.

"சம்பந்தம் பேச வர்றாங்க, ஆராய்ச்சிய நிறுத்துன்னு அப்பா சொல்லிட்டாரு, நீங்கதான் மாமா ஏதாவது செய்யணும்" என்று போனில் அழுதாயல்லவா? செய்துவிட்டேன். பசறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பஸ் நிறைய வந்து இறங்கியதில் மலையே ஒரு பக்கம் சாய்ந்தது. நம் ஒற்றை அறைக் காம்பராவின் அகலம் உனக்குத் தெரியும். விருந்தாளி உட்கார வேண்டுமானால் வீட்டார் வெளியேற வேண்டும். ஆகவே சித்தப்பா, பிள்ளைகள், கோழி எல்லாரும் வாசலுக்குத் தள்ளப்பட, உபசரிக்க உன் அம்மா மட்டும் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றார். அப்போது பார்த்து மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு என்னங்க படிக்குது?" என்றார். தொண்டையைக் கனைத்தேன், பதுளை வரை கேட்டிருக்கும்.

"இந்தக் காம்பரா மாதிரிதாங்க. மனுச உடம்புல நொதின்னு ஒண்ணு, அதுல ஒரு குழி. குழிக்குள்ள தண்ணி மூலக்கூறுங்க காலையில பெரட்டுல வரிசையா நிக்கிற ஆளுங்க மாதிரி அதது இடத்துல நிக்கும். விருந்தாளி உள்ள வந்தா முக்காவாசி வெளியேறிடும். ஒண்ணு ரெண்டு போகாது, நம்ம அக்கா நிக்கிறாங்களே, அப்படி. எது போகும், எது நிக்கும்னுதான் புள்ள பாக்குது. அப்படி நின்ன ஒண்ணுதாங்க வந்த விருந்தாளிய ரெண்டா வெட்டும்."

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா கையில் கேக் வெட்டும் கத்தி.

"டேய், நீ வெளிய போ" என்றார் மச்சான்.

"சோறு செரிக்கிறதே அப்படித்தாங்க" என்று நான் முடிப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டார் செருப்பைத் தேடிக்கொண்டு ஓடிவிட்டார்கள். சம்பந்தம் முறிந்தது, ஆராய்ச்சி பிழைத்தது. மச்சானின் கோபத்தை நான் ஒற்றை ஆளாய்த் தாங்கிக்கொள்கிறேன்.

உன் கண்ணாடிக் குழாய்கள் ஒன்றும் உடையாமல் மாரியம்மன் காக்கட்டும்.

இப்படிக்கு,
குலம் காத்த மாமன்,
சதீஸ்குமார்

பி.கு.: உறையை ஒட்டும்போது மாப்பிள்ளையின் அம்மா போனில் கோல் எடுத்தார். கடைசி பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஓடினார்களாம். அவருக்கு வருடக்கணக்காக எதுவும் செரிப்பதில்லையாம். "அந்த வெட்டுற தண்ணிய ஆராயுற புள்ளதான் எனக்கு மருமக. படிப்ப நிறுத்தினா பேச்சே இல்ல" என்கிறார். படிக்க வைப்பது தன் யோசனை என்று உன் அப்பா இப்போது லயம் முழுக்கச் சொல்லித் திரிகிறார். நீ வந்து பையனைப் பார். பிடிக்காவிட்டால் சொல், மாமாவிடம் இன்னும் பயங்கரமான விளக்கங்கள் இருக்கின்றன.