பின்னால் போவதாகச் சொல்லிக்கொண்டே முன்னால் போன கார்

2005-ஆம் வருடம் செப்டம்பர் 10, சனிக்கிழமை, மாலை நாலு இருபது. மேற்கே மலையில் மழை, தேனியில் காற்றோடு தூறல். அந்த நேரத்தில் கார் டீலரின் ஒர்க்ஷாப்பில் நின்று நான் ஒரு வாக்குவாதத்தில் ஜெயித்தேன். என் ஆயுசில் நான் ஜெயித்த வாக்குவாதங்கள் மொத்தம் மூன்று. மூன்றிலும் தோற்றிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

மின்வாரியத்தில் முப்பத்துநாலு வருடம் வீடு வீடாக மீட்டர் பார்த்துக் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். வந்த பணத்தில் ஒரு சின்னக் கார் வாங்கினேன். எனக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டுவது மகன் சரவணன். (பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான்தான் ஓட்டுகிறேன் என்பது அவன் கட்சி.) வண்டி பின்னால் போகும்போது எதையாவது இடித்துவிடுமோ என்று எனக்குத் தூக்கமே வராது. அதனால் மதுரையில் அறுநூற்றைம்பது ரூபாய் கொடுத்து, பின் பம்பருக்குள் ஒரு பேசும் கருவியை மாட்டினேன். ரிவர்ஸ் கியர் போட்டால் போதும், அதிலிருந்து ஒரு அம்மாள், “அட்டென்ஷன் ப்ளீஸ்! திஸ் கார் இஸ் பேக்கிங் அப்!” என்று கத்துவாள். கவனம், இந்தக் கார் பின்னால் வருகிறது என்று பொருள்.

ஆகஸ்டில், சும்மா நின்றுகொண்டிருந்த காரை ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் ஒன்று பின்னாலிருந்து இடித்தது. அப்போது அம்மாள் வாயைத் திறக்கவில்லை. அவள் மேல் தப்பில்லை, பின்னால் வந்தது நாங்கள் இல்லையே.

டீலரிடம் விட்டோம். பம்பரும் பின்விளக்கும் மாற்றி, வண்டி புதுசுபோல வந்தது. ஆனால் ரிவர்ஸ் போட்டால் அம்மாள் பேசவில்லை.

“அது கம்பெனி ஃபிட்டிங் இல்ல சார்,” என்றான் டை கட்டிய சர்வீஸ் அட்வைசர். “நீங்க வெளிய மாட்டுனது. அதுக்கு நாங்க பொறுப்பில்ல.”

“விடும்போது பேசுச்சு, எடுக்கும்போது பேசல. கழட்டுனவன் மாட்டணுமா, வேணாமா?”

“நாங்க பம்பரைத்தான் கழட்டுனோம் சார்.”

“அந்தம்மா பம்பருக்குள்ளதானய்யா இருந்தாக!”

சரவணன் என் கையைப் பிடித்து இழுத்தான். “அப்பா, நாளைக்குப் பொண்ணு பாக்க ஓடைப்பட்டிக்குப் போகணும். அந்தம்மா இல்லாமலே போவோம்.”

நான் நகரவில்லை. புதுக் காருக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, “வாங்குங்க, வாங்குங்க! ரிப்பேருக்கு விட்டா உள்ள இருக்கிறது ஊமையாத்தான் வரும்!” என்று சத்தம் போட்டேன். மேனேஜர் பதறி ஓடி வந்து, “ஏம்ப்பா, அதைச் சேர்த்து விடுங்கப்பா,” என்றார். எலக்ட்ரீஷியன் அடியில் புகுந்து ஐந்து நிமிடத்தில் எழுந்தார். வண்டியைப் பின்னால் எடுத்துக் காட்டினார். அம்மாள் கணீரென்று பேசினாள். எழுபத்தைந்து ரூபாய் கூலி கொடுத்து, ‘வாடிக்கையாளர் வற்புறுத்தலின்பேரில் இணைக்கப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே பெருமையாகக் கையெழுத்தும் போட்டேன்.

எலக்ட்ரீஷியன் அவசரத்தில் இணைத்தது ரிவர்ஸ் விளக்கின் வயரில் அல்ல, பிரேக் விளக்கின் வயரில். பின்னால் எடுக்கும்போது பிரேக்கில் கால் வைத்தார், அம்மாள் பேசினாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் முதல் வேகத்தடையிலேயே உண்மை தெரிந்துவிட்டது. பிரேக்கைத் தொட்டாலே பேசினாள்.

“வயரை வெட்டி விட்டுருவோம்ப்பா,” என்றான் சரவணன்.

“தொடாத! அவன் செஞ்ச தப்பு அப்படியே இருக்கணும், அதான் ஆதாரம். நாம கை வச்சா, நீங்கதான் கெடுத்தீகம்பான். திங்கக்கிழமை பத்து மணிக்கு அவன் முன்னாலயே அமுக்கிக் காட்டணும்.”

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கக் கிளம்பினோம். சரவணனுக்கு வயது முப்பத்திரண்டு. பதினோரு வீட்டில் காபி குடித்து, பதினோரு வீட்டிலும் “சொல்லி அனுப்புறோம்” என்ற பதிலை வாங்கியிருந்தோம். இந்தப் பெண் ஜோதியை அவன் ஒரு கல்யாணத்தில் பார்த்துவிட்டு, அவனாகவே வாய்விட்டுக் கேட்டிருந்தான்.

வழியெல்லாம் அம்மாள் பேசினாள். வீரபாண்டியில் பேசினாள். சின்னமனூர் மார்க்கெட்டில் நாங்கள் முன்னால் ஊர்ந்துகொண்டிருக்க, “ஏலே, பின்னால வாரான்டா!” என்று மொபெட்காரர் ஒருவர் வாழைத்தார்களோடு சாக்கடை ஓரம் ஒதுங்கினார். என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “எல்லாம் ஆதாரமாக்கும்,” என்றாள் உள்ளிருந்து.

ஓடைப்பட்டியில் பெண் வீட்டுத் தெரு குறுகல். அந்தத் தெருவில் பிரேக் போடாமல் வர முடியாது. வாசலில் ஜோதியின் அப்பா தங்கராசு, திராட்சைத் தோட்டக்காரர், கும்பிட்ட கையோடு நின்றார். பக்கத்தில் சகுனம் பார்க்கும் அவர் அக்கா ராக்கம்மா.

“என்னமோ சொல்றாளே, என்னடா சொல்றா?” என்று ராக்கம்மா கேட்டது எங்களுக்கே கேட்டது.

“பின்னால போறாகளாம்க்கா,” என்றார் தங்கராசு.

“ஆத்தாடி! பொண்ணு பாக்க வந்த வண்டி, வாசல்ல வந்து பின்னால போறேன்னா சொல்லும்?”

உள்ளே உட்கார்ந்தோம். ஜோதி காபி கொடுத்துவிட்டுப் போனாள். சரவணன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது. நான் டீலரின் அநியாயத்தை முதலிலிருந்து விளக்கி, “திங்கக்கிழமை பத்து மணிக்கு அங்கன போய் நிக்கப்போறேன்,” என்று முடித்தேன். ராக்கம்மாவின் முகம் லேசாக இளகியது. இயந்திரக் கோளாறு சகுனத்தில் சேராது என்று நினைத்திருப்பாள்.

அந்த நேரத்தில் ஜோதியின் அண்ணன் வந்து, “திராட்சை ஏத்துன லாரி வெளிய போகணும், காரைக் கொஞ்சம் ஒதுக்கிக்கிறேன்,” என்று சாவி வாங்கிப் போனான். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “எங்களுக்குப் பரிபூரண சம்மதம்,” என்றேன்.

“அட்டென்ஷன் ப்ளீஸ்! திஸ் கார் இஸ் பேக்கிங் அப்!” என்றாள் வெளியே அம்மாள்.

லாரி உரசாமல் போகும்வரை அந்தப் பையன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. அம்மாளும் நிறுத்தவில்லை. லாரி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது.

“நீங்க சம்மதங்கிறீக, உங்க வண்டி மாட்டேங்குது,” என்று ராக்கம்மா எழுந்துவிட்டாள். சரவணன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் ஜோதி உள்ளேயிருந்து வந்தாள். ஜன்னலில் கிடந்த திராட்சை வெட்டும் கத்தரியை எடுத்தாள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேரே போய்க் காருக்குப் பின்னால் குனிந்தாள்.

“அட்டென்ஷன் ப்ளீ—”

அவ்வளவுதான். அந்த அமைதியில் நான் ஓடிப்போய் வயரைப் பார்த்தேன். என் வருங்கால மருமகளிடம் நான் பேசிய முதல் வார்த்தை இது: “ஐயோ, ஆதாரம் போச்சே! இனி நான் எதைக் காட்டி நியாயம் கேப்பேன்?”

ஜோதியின் முகம் சுண்டிவிட்டது. தங்கராசு என்னை ஒரு பார்வை பார்த்தார். “சரிண்ணே,” என்றார். “கலந்து பேசிட்டு சொல்லி அனுப்புறோம்.”

இது பன்னிரண்டாவது வீடு. தேனி வரும்வரை காரில் ஒருவரும் பேசவில்லை. அம்மாள் உட்பட.

ஆனாலும் திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் ஒர்க்ஷாப்பில் நின்றேன். (வேறு எங்கே போவேன்? வீட்டில் சரவணன் இருந்தான்.) அட்வைசர் குனிந்து பார்த்தான். “வயரை வெட்டியிருக்கே சார். வெளியாள் கை வச்ச வண்டிக்கு நாங்க பொறுப்பில்ல.”

இரண்டு நாள் எரிச்சலும், மகன் முகமும், அந்தப் பிள்ளையை நான் தலைகுனிய வைத்த வெட்கமும் சேர்ந்து வெடித்தன.

“யாரைய்யா வெளியாள்ங்கிற? உங்காள் அஞ்சு நிமிஷத்துல கெடுத்ததை அரை நிமிஷத்துல சரி பண்ணுனவ! அவ என் மருமகய்யா!”

“அப்படியாண்ணே?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

தங்கராசு நின்றுகொண்டிருந்தார். கையில் திராட்சைக் கூடை. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். “எம் மக ராத்திரியெல்லாம் தூங்கல. ‘நான் வெட்டப்போயி அவுகளுக்கு நட்டமாயிருச்சு, போய்ப் பணத்தைக் குடுத்துட்டு வாங்க’ன்னு துரத்திவிட்டா,” என்றார். பிறகு அட்வைசர் பக்கம் திரும்பி, “தம்பி, அண்ணன் சொல்றது சரிதான். வெட்டுனது வெளியாள் இல்ல,” என்றார்.

ஐப்பசியில் கல்யாணம். இன்றைக்கும் வீட்டில் நான் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசினால், ஜோதி சமையலறையிலிருந்து, “அத்தை, அந்தக் கத்தரி எங்கன இருக்கு?” என்பாள். நான் நிறுத்திவிடுவேன்.

டீலர் மேல் வழக்குப் போடலாமா என்று ஒரு வக்கீலைப் பார்த்தேன். இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, முதல் சாட்சியாக உங்கள் மருமகளைக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும், சம்மதமா என்றார். திரும்பி வந்துவிட்டேன். கல்யாணச் செலவை டீலரிடம் கேட்க முடியாது என்றும் அவர் சொல்லிவிட்டதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது போக, அம்மாளின் விலை, அவளைப் பேச வைத்த கூலி, வக்கீல் எல்லாம் சேர்த்து ஆனது தொள்ளாயிரத்து இருபத்தைந்து ரூபாய்.