ஸ்லாஷ் அண்ணன் பெண் பார்க்கப் போன நாள்

பிள்ளைகளே, கெடா மாநிலத்தில் ஸ்லாஷ் அண்ணனிடம் ஒருமுறை வழி கேட்டவர், ஆயுசுக்கும் வேறு யாரிடமும் வழி கேட்க மாட்டார். அவ்வளவு சுத்தமாகச் சொல்வார். சுத்தம் கொஞ்சம் கூடிவிடும், அவ்வளவுதான்.

கூலிமில் எங்கள் தொழிற்சாலை வாசலில் ஒருவர் மோட்டாரை நிறுத்தி, "அண்ணே, பசாருக்கு எப்படிப் போறது?" என்று கேட்டார். அண்ணன் ஆரம்பித்தார். "மலேசியா, கெடா, கூலிம்..." ஒவ்வொரு பேருக்கும் நடுவில் வலது கையால் காற்றைச் சாய்வாக ஒரு வெட்டு வெட்டுவார். கணினியில் பேருக்குப் பேர் நடுவில் போடும் சாய்கோடு இருக்கிறதே, அந்த வெட்டுதான் அந்த ஸ்லாஷ். கேட்டவர் 'கூலிம்' என்று முடிப்பதற்குள் மோட்டாரை முறுக்கிக்கொண்டு போய்விட்டார். அண்ணனுக்கு வருத்தம்.

"பாத்தியா தம்பி? இன்னும் ஊருக்குள்ளயே நுழையல, அதுக்குள்ள ஓடுறாரு."

சாப்பாட்டுக் கடையிலும் இதே கதை. "கடை, அடுப்பு, ரெண்டாவது சட்டி, மீன் தல, கன்னத்துச் சத" என்று காற்றை வெட்டுவார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் தலையைக் குனிந்து தப்பிப்பார்கள். கடைக்கார அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு, அவர் வந்தாலே தட்டைக் கையில் கொடுத்துவிடுவார். "நீங்களே உள்ள போய் எடுத்துக்குங்கலா!"

அவருடைய வேலையே அப்படிப்பட்டது. நான் படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவன். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன், கேளுங்கள். மருத்துவமனைகளுக்கு அனுப்பும் குழாய்களை நாங்கள் செய்கிறோம். எந்திரம் தான் செய்ததையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அதற்கு எக்ஸ்.எம்.எல். என்று பேர். தோட்டத்துக்குள் லயம் என்ற வீட்டு வரிசை, லயத்துக்குள் வீடு, வீட்டுக்குள் ஆள் என்பதுபோல, அந்தக் கோப்பில் லோரிக்குள் பெட்டி, பெட்டிக்குள் எண் என்று ஒன்றுக்குள் ஒன்று அடங்கியிருக்கும். அதிலிருந்து லேபிள் அச்சடிக்க ஸ்டைல்ஷீட் என்று இன்னொன்று உண்டு. 'இங்கே போ, இந்தப் பேரைக் கூப்பிடு, யார் வருகிறாரோ அவரை அச்சடி' என்று கட்டளைகள் எழுதிய தாள் அது. தப்பான இடத்தில் போய்க் கூப்பிட்டால் எந்திரம் கத்தாது, சண்டை போடாது. கோபித்துக்கொண்ட பிள்ளை மாதிரி ஒன்றும் பேசாமல் வெறும் லேபிளை நீட்டும். அது ஏன் பேசவில்லை என்று கண்டுபிடிப்பதில் அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது.

ஒருநாள் எல்லாப் பெட்டியிலும் முதல் பெட்டியின் எண்ணே அச்சாகி வந்தது. லேபிள் அறையைப் பார்த்துக்கொள்ளும் மேரி அக்கா அண்ணனைக் கூப்பிட்டார். வந்தவர் கணினியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அக்கா, நீங்க இப்ப எங்க நிக்கிறீங்க?"

"ஒங்க முன்னாடிதான் நிக்கிறேன். கண்ணு தெரியலையா?"

அண்ணன் அவரைக் கூட்டிக்கொண்டு போய், வரிசையின் நடுவில் ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "இந்தப் பெட்டியோட நம்பரு வேணும். எப்படி எடுப்பீங்க?"

"குனிஞ்சு பாப்பேன்."

"ஒங்க ஸ்டைல்ஷீட்டு குனிய மாட்டேங்குதே! அது என்னா பண்ணுது தெரியுமா? வாங்க" என்று தொழிற்சாலை கேட் வரைக்கும் அவரை நடத்திக்கொண்டு போனார். அங்கிருந்து திரும்பி வந்து முதல் பெட்டியில் கையை வைத்தார். "ஒவ்வொரு பெட்டிக்கும் இது திரும்பக் கேட்டுக்கு ஓடுது. கேட்டுலேர்ந்து வந்தா மொதப் பெட்டிதான் கையில தட்டும். பெட்டிகிட்ட நிக்கிறப்ப பெட்டிகிட்டயே கேக்கணும்!"

ஒருமுறை நடந்தால் புரியாதோ என்று மறுபடியும் நடத்தினார். இரண்டு பேர் வேகவேகமாகக் கேட்டுக்குப் போவதைப் பார்த்து, தீயணைப்புப் பயிற்சி என்று நினைத்து நாங்களும் எழுந்து பின்னாலேயே போனோம். காவலர் எங்களை வெயிலில் வரிசையாக நிற்க வைத்துவிட்டார்.

"முன்னாடி இருந்த பாதைய அழிச்சிட்டு 'எண்'ணுங்கற பேர மட்டும் விட்டா சரியாப் போச்சு" என்று மேரி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "அதுக்கு ஃபேக்டரியவே வெளிய கொண்டாந்து நிறுத்திட்டாருலா, மனுசன்!"

இப்படிப்பட்ட மனிதருக்குக் கல்யாணம் மட்டும் அமையவில்லை. நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. திகாம் பத்து என்ற ஊரில் தனியாக இருந்தார். போன பெண் வீடுகளிலெல்லாம் அவர் வாயே அவருக்கு எதிரி. ஒரு வீட்டில் பெண்ணின் அம்மா ஆசையாக, "தம்பிக்கு என்னா புடிக்கும்?" என்று கேட்டிருக்கிறார். இவர், "எங்க நின்னு கேக்குறீங்கம்மா? சாப்பாட்டுக்குள்ளயா, வேலைக்குள்ளயா?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். அன்றைக்கு வடை கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் மேரி அக்காவே பாலிங்கில் ஒரு பெண்ணைச் சொன்னார். பேர் தேன்மொழி. கிளினிக் கவுன்டரில் வேலை. அப்பா மளிகைக்கடை வைத்திருக்கிறார். அண்ணனுக்கு அது பெரிய எதிர்பார்ப்பு. புதுச் சட்டை தைத்தார். மேரி அக்கா அவர் கைப்பேசியைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார்.

"கையக் கட்டிக்கிட்டு ஒக்காரணும். 'ஆமாங்க', 'இல்லீங்க' அவ்வளவுதான். எங்க நிக்கிறீங்கன்னு வாயத் தொறந்தீங்க, நான் இனிமே பொண்ணு தேட மாட்டேன்."

"சரிக்கா" என்றார் அண்ணன். சின்னப் பிள்ளை மாதிரி தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை எங்கள் மாநிலத்தில் விடுமுறை. என் மோட்டாரிலேயே இருவரும் பாலிங் போனோம். மேரி அக்காவுக்கு அன்று வேலை. பெண் வீட்டில் அண்ணன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வெளியே விட்டால் காற்றை வெட்டிவிடுமாம்.

"தம்பி வேலை நெரந்தரமா?" என்று பெண்ணின் அப்பாவான கடைக்காரர் கேட்டார்.

"ஆமாங்க."

"குடி, சீட்டு?"

"இல்லீங்க."

கடைக்காரருக்கு முகம் மலர்ந்தது. "அடக்கமான பையனா இருக்காரு" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். சிரிப்பை அடக்க நான் கூரையைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து மேரி அக்கா என் போனுக்கு அடித்தார். நான் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினேன். நேற்று எந்திரக்காரர்கள் வந்து புது மென்பொருள் போட்டுவிட்டுப் போனார்களாம். இன்று லேபிள் எல்லாம் வெறுமையாக வருகிறதாம். துறைமுகத்துக்குப் போக வேண்டிய லோரி காத்துக்கொண்டிருக்கிறதாம். எழுத்தில்லாத பெட்டியை எந்த மருத்துவமனையும் வாங்காது.

"அண்ணன்கிட்ட சொல்லாதீங்க தம்பி, நல்ல காரியத்துல இருக்காரு. சும்மா ஒங்களுக்கு எதாச்சும் தெரியுமான்னு கேட்டேன்."

எனக்கு என்ன தெரியும்? ஆனால் அண்ணனின் காது 'வெறுமையாக' என்ற சொல்லைப் பிடித்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். கடைக்காரரைப் பார்த்தார். உள்ளறைத் திரையைப் பார்த்தார்.  தொடைக்கு அடியிலிருந்து வலது கை தானாகவே வெளியே வந்தது. பிறகு எழுந்தார்.

"மன்னிச்சிருங்க ஐயா. அங்க லோரி நிக்குது" என்று போனை வாங்கி ஒலிபெருக்கியைப் போட்டார். "அக்கா! எங்க நிக்கிறீங்க?"

"போச்சு!" என்றது போன். "எல்லாம் போச்சு! லேபிள் ரூம்லதான் நிக்கிறேன்."

"பேரு சொல்லிக் கூப்பிடாதீங்க. பேருக்குப் பதிலா நட்சத்திரக் குறியப் போட்டு, யாரு இருந்தாலும் வாங்கன்னு கூப்பிடுங்க."

கொஞ்ச நேரம் தட்டும் சத்தம். "வந்துட்டாங்க அண்ணே! எல்லாரும் இருக்காங்க!"

"இப்ப 'பெட்டி'ன்னு பேரு சொல்லிக் கூப்பிடுங்க."

"ஒருத்தரும் வரல."

அண்ணன் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். வெற்றிலைத் தட்டைத் தாண்டினார். ஒருமுறை கடைக்காரரின் காலையும் தாண்டினார்.

"பொண்ணு பாக்க வந்தீங்களா, கம்பெனி நடத்த வந்தீங்களா?" என்றார் கடைக்காரர். முகத்தில் இருந்த மலர்ச்சியைக் காணோம்.

அண்ணன் காதில் அது விழவில்லை. "அக்கா, கோப்போட மொத வரியப் படிங்க."

"என்னமோ புதுசா நீளமா வால் மாதிரி ஒண்ணு தொங்குது அண்ணே. முந்தி இல்ல."

"குடும்பப் பேரு!" என்று அண்ணன் கத்தியதில் திரை அசைந்தது. தேன்மொழி தேநீர்த் தட்டோடு உள்ளறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். யாரும் கூப்பிடாமலேயே வந்துவிட்டார். அண்ணன் நேராக அவரிடம் போனார். வணக்கம் கூடச் சொல்லவில்லை.

"கவுன்டர்ல ஒருத்தர எப்படிக் கூப்பிடுவீங்க?"

தேன்மொழி அப்பாவைப் பார்த்தார். பிறகு வேலை செய்யும் குரலிலேயே சொன்னார். "லெட்சுமி, அனாக் பெரெம்புவான் ராமன்." ராமனின் மகள் லெட்சுமி என்று மலாயில் சொல்வது அது. எங்கள் ஊரில் அடையாளக் கார்டிலும் அப்படித்தான் இருக்கும்.

"வெறும் லெட்சுமின்னா?"

"வேற லெட்சுமியாக்கும்னு அவங்கவங்க ஒக்காந்திருப்பாங்க."

"அதேதான்! இது வரைக்கும் அந்தப் பெட்டிங்களுக்குக் குடும்பப் பேரு இல்ல. நேத்து மொத வரியில ஒண்ணு வச்சிட்டாங்க. நாம இன்னும் குடும்பமே இல்லாத பெட்டியத் தேடிக்கிட்டு இருக்கோம். அக்கா, அந்த நீளப் பேர ஸ்டைல்ஷீட்டு தலையில எழுதி, அதுக்குச் சின்னதா ஒரு செல்லப் பேரு வைங்க. அந்தச் செல்லப் பேரச் சேத்துக் கூப்பிடுங்க."

தட்டும் சத்தம். 

"அண்ணே, லேபிளு வருது. ஆனா எண் இல்ல. கட்டம் மட்டும் வருது."

அண்ணன் சுவரில் சாய்ந்துவிட்டார். அவர் திகைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கடைக்காரர், "சரி, நாங்க யோசிச்சிட்டுச் சொல்றோம்" என்று எழுந்தே விட்டார். பெண் வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும்.

தேன்மொழி தட்டைக் கீழே வைத்தார். "பெட்டிக்கு மட்டும் குடும்பப் பேரு சேத்துக் கூப்பிட்டீங்க. உள்ள இருக்கற எண்ணும் அந்தக் குடும்பத்துப் புள்ளதானே? அதுக்கும் சேத்துச் சொன்னீங்களா?"

அண்ணன் அவரையே பார்த்தார். பிறகு மெதுவாகப் போனில் சொன்னார். "அக்கா, உள்ள இருக்கறவங்களுக்கும் போடுங்க. ஒவ்வொரு ஸ்லாஷுக்கும் அப்புறம்."

கொஞ்ச நேரத்தில் மேரி அக்கா போட்ட சத்தத்தில் போன் மேசையிலிருந்து விழப் பார்த்தது. "ஆண்டவரே! நம்பரெல்லாம் வந்திருச்சு!"

அதற்குப் பிறகுதான் அண்ணனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே உறைத்தது. கையைக் கட்டிக்கொண்டார். "மன்னிச்சிருங்கய்யா. கெளம்புறோம்" என்று செருப்பைத் தேடினார்.

"அப்பா" என்றார் தேன்மொழி. "தேத்தண்ணி ஆறிப்போச்சு. நான் வேற கலக்கிட்டு வரேன். அவர ஒக்காரச் சொல்லுங்க. நட்சத்திரம் போட்டா எப்படி எல்லாரும் வராங்கன்னு எனக்கு இன்னும் வெளங்கல."

கடைக்காரர் மகளைப் பார்த்தார். தேன்மொழி உள்ளே போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உட்கார்ந்து, முறுக்குத் தட்டை அண்ணன் பக்கம் தள்ளினார்.

"வந்த மாப்பிள்ளைங்கள்ல ஒருத்தர்கிட்டயும் அவ இவ்வளவு பேசினதில்ல தம்பி. ஒக்காருங்க. தேதியப் பத்திப் பேசலாம்."

திரும்பி வரும்போது அண்ணன் மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டதோ என்று நான் பயந்தேன். ரப்பர் மரங்களைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகுதான் என் தோளைத் தொட்டார்.

"தம்பி, நான் பேசுனா எல்லாரும் சிரிப்பாங்க. நீங்களும் சிரிப்பீங்க, பரவால்ல. அந்தப் பொண்ணு சிரிக்கல. கேள்வி கேட்டுச்சு."

குரல் உடைந்திருந்தது. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு யாரும் கண்ணைத் துடைக்க முடியாது, பிள்ளைகளே. அதனால் நான் மோட்டாரை ஓரமாக நிறுத்தி, டயரில் காற்று இருக்கிறதா என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.