எழில்புரியின் அரச எழுத்துரு

வரைபடத்தில் தேடினால் கிடைக்காத எழில்புரியில், அரசர் மக்களோடு பேசுவது இணையதளம் மூலமாகத்தான். வெயில் கூடினாலும் வரி கூடினாலும் அதில் அறிவிப்பு வரும். அவரவர் கைபேசியில் ஏற்கெனவே இருந்த சாதா எழுத்திலேயே அது தெரியும். நாங்களும் படித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவோம்.

ஒருநாள் அரசர் தம் பிறந்தநாள் வாழ்த்தைத் திறந்து பார்த்தார். பக்கத்திலிருந்த கருவாட்டுக்கடை விளம்பரமும் அதே எழுத்தில் இருந்தது. மனமுடைந்துபோனார்.

"அரசனுக்கும் கருவாட்டுக்கும் ஒரே எழுத்தா?"

அன்றே எழுத்துத்துறை உருவானது. அமைச்சர் நவநீதர் அயல்நாட்டு நிறுவனங்களின் எழுத்துருக்களை ஒவ்வொன்றாக வெள்ளோட்டம் பார்த்தார். முதல் எழுத்துரு மெலிந்திருந்தது. அரசரைக் கண்ணாடி போட வைத்த குற்றத்துக்காகத் தள்ளப்பட்டது. அடுத்ததைக் கருவாட்டுக்கடைக்காரர் முந்தி வாங்கிவிட்டார். கடைசியாக வந்தது வளைந்து நெளிந்து பிரமாதமாக இருந்தது. கைதட்டினோம். நான் கொஞ்சம் அதிகமாகவே தட்டினேன்.

ஒரு சின்னச் சிக்கல். பக்கத்தைத் திறக்கும்போது அந்த எழுத்துரு கடல்கடந்து வந்துசேர வேண்டும். வரும்வரை பக்கம் வெள்ளையாக இருக்கும். நகரத்தில் அது கண்ணிமைக்கும் நேரம். சிக்னல் சரியாகக் கிடைக்காத ஆற்றோரத்தில் வெள்ளை மட்டும்தான்.

"அதுவரைக்கும் பழைய எழுத்துல காட்டலாமே, ஐயா?" என்றார் தளத்தைப் பராமரிக்கும் பொறியாளர் தமயந்தி.

"வேட்டி கட்டுறதுக்கு முன்னாடி அரசர் வெளியே வருவாராம்மா?" என்றார் நவநீதர்.

சாதா எழுத்து சட்டவிரோதமானது. வெள்ளைப் பக்கத்தின் முன் மரியாதையாகக் காத்திருக்கவேண்டும் என்றும் ஆணை வந்தது. காத்திருப்பதா எங்களுக்குக் கஷ்டம்?

சித்திரையில் மலையில் பேய்மழை கொட்டியது. அணையைத் திறக்கப்போவதாகத் தளத்தில் எச்சரிக்கை போட்டார்கள். ஆற்றுப்படுகையில் வெள்ளரி போட்டிருந்த வேதவல்லி கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் மாயவன் காய் பறித்துக்கொண்டிருந்தார்.

"ராஜா என்னமோ சொல்றாரு. எழுத்து இன்னும் வரல. செத்த பொறு," என்றார் வேதவல்லி.

தண்ணீர் முந்திக்கொண்டது. வேதவல்லிக்கு ஒரு வேலமரம் கிடைத்தது. மாயவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஈரச் சேலையோடு அரண்மனை வாசலுக்கு வந்து நின்றார் வேதவல்லி.

"உரிய நேரத்தில் வெளியிட்டோம், அம்மா. அழகாகவும் வெளியிட்டோம்," என்றார் நவநீதர்.

"எந்த எழுத்துல போட்டிருந்தா என்னய்யா? ஓடுன்னு ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா ஓடியிருப்பமே!"

எங்களுக்கு அன்று நிஜமாகவே கோபம் வந்தது. வாசலில் திரண்டோம். நானும் தொண்டை கிழியக் கத்தினேன். அரண்மனை பயந்துவிட்டது, மக்களைக் கேட்காமல் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தது தவறுதான் என்று ஒப்புக்கொண்டது. மாயவனுக்கான இரங்கல் செய்தியை இரண்டு புது எழுத்துருக்களில் வெளியிட்டு, எது வேண்டும் என்று எங்களையே வாக்களிக்கச் சொன்னது.

கூட்டம் கலைந்தது. வீட்டுக்கு வீடு வாக்குவாதம். தடித்த எழுத்தில்தான் துக்கம் எடுப்பாகத் தெரிகிறது என்று நான் தெருத்தெருவாகப் பிரசாரம் செய்தேன். எழில்புரி வரலாற்றில் அவ்வளவு பேர் வாக்களித்ததே இல்லை.

என் எழுத்துரு தோற்றுவிட்டது. எவ்வளவு பெரிய அநியாயம் நடந்துவிட்டது என்று இன்னமும் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.