மஞ்சள் டேக் போட்ட பெடல்

ஜெபகுமார் கிடாரின் தடித்த கம்பியை ஒரே ஒரு தட்டுத் தட்டினான். அலமாரியில் இருந்த நான்கு டம்ளர்களும் வரிசையாகக் கீழே குதித்தன.

"இன்னாப்பா, வூட்ல எருமை கட்டிக்கினு கீறியா?" என்று கீழேயிருந்து வீட்டுக்கார ராஜம்மா கத்தினார்.

"கிடார்தாம்மா! பெடலைக் கொஞ்சம் மாத்திருக்கேன்!"

"மாத்துறதுக்கு முன்ன நல்லாத்தானே இருந்துச்சு?"

அதுதான் ஜெபகுமாருக்கும் புரியவில்லை. நேற்று மாலை, திங்கட்கிழமை, இதே பெடல் தேன் மாதிரி இருந்தது.

எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்குள் அவனே சால்டர் வைத்துச் செய்த பெடல் அது. காலால் ஒரு மிதி மிதித்தால், வாசிக்கிற சுரத்தோடு அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு சுரமும் சேர்ந்து வரும். ஒருவன் வாசிப்பது இரண்டு பேர் வாசிப்பதாகக் கேட்கும். "கடையில வாங்கினது இல்ல, கையால செஞ்சது" என்று அதைப் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறான். பார்க்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் வேலை பார்க்கும் ஒரகடம் கார் சீட் கம்பெனியில் குடும்ப விழா. பேஸ் கிடார்காரன் ஓசூருக்கு மாற்றலாகிப் போய்விட்டான். "கவலைய விடுங்க மேடம், ரெண்டு பேர் வாசிப்பை நான் ஒருத்தனே வாசிச்சிருவேன்" என்று எச்.ஆர். செல்வலட்சுமியிடம் வாக்குக் கொடுத்துவிட்டான். ஒத்திகையில் கேட்ட செல்வலட்சுமி உதட்டைப் பிதுக்கினார்.

"கீழ்ச்சத்தம் பத்தலையே ஜெபா. சரியா வரலைன்னா விடுங்க, பென் டிரைவ்ல மியூசிக் போட்டுக்கலாம்."

பென் டிரைவ்! பத்து வருஷம் சர்ச் பாடகர் குழுவில் வாசித்தவனுக்கு இதைவிட அவமானம் வேறென்ன வேண்டும்? அன்றே பாக்ஸைத் திறந்து, கீழ்ச்சத்தத்தைக் கூட்டிக் குறைக்க உள்ளே புதிதாக ஒரு சின்னத் திருகு வைத்தான்.

கம்பெனியில் அவன் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். குறையுள்ள சீட்டில் 'ரீவொர்க்' என்ற மஞ்சள் டேக்கைக் கட்டி, என்ன குறை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவன் வேலை. டேக்கைப் படித்துச் சரிசெய்வது ரீவொர்க் டேபிள்காரர்கள் வேலை. கடைசிச் சோதனை முடிந்து பச்சை டேக் போடுகிறவரை மஞ்சளை அவிழ்க்கக் கூடாது. இந்தப் பழக்கம் பென்னலூர் வாடகை அறைக்கும் வந்துவிட்டது. கைப்பிடி போன வாளிக்கு மஞ்சள் டேக். ஓடாத கடிகாரத்துக்கு மஞ்சள் டேக். இரண்டும் எப்படியோ சரியாகிவிட்டன. ராஜம்மா செய்திருப்பார் என்று நினைத்துக்கொண்டான். கிடாருக்கு மட்டும் சிவப்பு டேக்: 'தொடக் கூடாது.'

திங்களன்று பெடலுக்கும் ஒரு மஞ்சள் டேக் கட்டி, 'கீழ்ச்சத்தம் குறைவு' என்று எழுதினான். பிறகு திருகை அரைச் சுற்றுக் கூட்டினான். சத்தம் அளவாக, கம்பீரமாக வந்தது. 'யார் கை!' என்று தன் கையைத் தானே பார்த்துக்கொண்டான். செவ்வாய்க்கிழமை வந்து வாசித்தால் டம்ளர் குதிக்கிறது.

அறையில் யாரையாவது கேட்கலாமென்றால் இருப்பது கொம்பையா ஒருவன். செல்போன் கம்பெனியில் மதிய ஷிஃப்ட். ஜெபகுமார் விடிகாலை பஸ் ஏறும்போது அவன் போர்வைக்குள் இருப்பான். இவன் மூன்று மணிக்குத் திரும்பும்போது அவன் கிளம்பியிருப்பான். ராத்திரி அவன் வரும்போது இவன் தூங்கியிருப்பான். ஞாயிறு வந்தால் இருவரில் ஒருவனுக்கு ஓ.டி. மூன்று வாரமாக முகம் பார்த்துப் பேசவில்லை.

டேக்கை மாற்றி, 'கீழ்ச்சத்தம் அதிகம்' என்று எழுதினான். திருகைக் குறைத்தான். தேன்!

புதன்கிழமை, கொசு முனகியது.

'ஆஸ்பெஸ்டாஸ் கூரைச் சூடு' என்று முடிவு கட்டினான். 'குறைவு' என்று எழுதி, கூட்டி, பாக்ஸைத் தண்ணீர்க் குடத்தின் மேல் குளிர வைத்தான். வியாழக்கிழமை, காலண்டர் ஆணியோடு விழுந்தது. 'அதிகம்' என்று எழுதி, குறைத்து, பேட்டரியையும் மாற்றினான். வெள்ளிக்கிழமை, கொசுவும் செத்துவிட்டது.

"சர்க்யூட் ரொம்ப பவர்ஃபுல் மேடம்" என்று போனில் பெருமையாகச் சொன்னான். "நான் ஒரு பங்கு திருப்பினா அது ரெண்டு பங்கா எடுத்துக்குது."

"பென் டிரைவ் ரெடியா இருக்கு ஜெபா."

ரோஷம் வந்து வெள்ளியன்று 'மிகக் குறைவு' என்று எழுதி, ஒரு முழுச் சுற்றுக் கூட்டினான். தேன். சனிக்கிழமை மிதித்ததும் ராஜம்மாவே மாடியேறி வந்துவிட்டார்.

"இன்னொரு தபா எருமை கத்துச்சு, நீயும் எருமையும் ரூமைக் காலி பண்ணிக்கினு போய்க்கினே இருக்கணும்!"

'மிக அதிகம்' என்று டேக்கில் எழுதினான். திருப்புளியை எடுத்தான். போன் அடித்தது. சூப்பர்வைசர்.

"ஜெபா, ஆள் இல்ல. ஓ.டி.க்கு உடனே வா."

திருப்புளியை வைத்துவிட்டு ஓடினான். திரும்பி வந்து விழுந்தவன் ஞாயிறு ஒன்பது மணிக்குத்தான் கண் விழித்தான். கொம்பையாவின் பாய் சுருட்டியிருந்தது. பெடலைத் திறந்து பார்க்க நேரமில்லை. கிடாரையும் டிபன் பாக்ஸையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தான்.

மேடையேறி, பெடலைக் காலடியில் வைத்தான். கீழே செல்வலட்சுமி பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். கர்த்தரே என்று மிதித்தான்.

தேன்!

பந்தல் முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது. பிளான்ட் ஹெட் மேடையேறி, "எப்படிப்பா இது?" என்று மைக்கை நீட்டினார். ஜெபகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நானே என் கையால செஞ்சது சார். தப்பா இருந்தாக்கூட, நாம தொடவே வேண்டாம், தன்னைத்தானே சரி பண்ணிக்கும்!"

கை தட்டல் இரண்டு மடங்காயிற்று. செல்வலட்சுமி பென் டிரைவைக் கைப்பையில் போட்டு மூடினார். நெஞ்சை நிமிர்த்தியபடி இறங்கி வந்தவன் எதிரே, பிரியாணித் தட்டோடு கொம்பையா நின்றான். விழாவுக்குக் கொடுத்த குடும்ப பாஸில் இவன்தான் அவன் பெயரை எழுதி, பாஸை அலமாரியில் வைத்திருந்தான்.

"அண்ணே, பின்னிட்டிய!"

"பார்த்தியாலே? எல்லாம் இந்தக் கை!"

கொம்பையா டிபன் பாக்ஸில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த மஞ்சள் டேக்கைத் தொட்டுப் பார்த்தான்.

"எங்க கம்பெனியில நான் ரீவொர்க் டேபிள்ண்ணே, வாளி, கடிகாரமெல்லாம் ஒரே தடவைல முடிஞ்சிட்டு, கிடாரைத் தொடக் கூடாதுன்னு போட்டிருக்கியளேன்னு இத மட்டும் வாசிச்சுப் பாக்காம, தினமும் காலையில டேக்குல எழுதியிருக்கபடியே உள்ள இருக்க திருகத் திருவி வச்சிட்டுதான் வேலைக்குப் போறேன், இன்னைக்காவது பச்சை டேக் போடுதியளா?"