அன்னார் மாமாவும் என் தேர்தல் நிதியும்

எங்கள் துறைமுகப் பக்கத்தில் அன்னார் மாமாவுக்குத் தெரியாமல் இன்றுவரை ஒருவரும் செத்ததில்லை. அப்படி யாராவது செத்திருந்தால் அது செல்லாது. எழும்பி வந்து முறைப்படி திரும்பவும் சாக வேண்டும்.

உட்துறைமுக வீதியில் அவருக்கு ஒரு சின்னக் கொமினிக்கேசன் கடை. போட்டோக்கொப்பி, அடையாள அட்டைப் படம், போனுக்கு ரீலோட் எல்லாம் உண்டு. ஆனால் உண்மையான தொழில் மரண அறிவித்தல். ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் எழும்பினால், அது பக்கத்து வீட்டுக்குக் கேட்க முன்னம் அவருடைய ஈமெயில் ரொறன்ரோவில் இறங்கிவிடும். நடுவில் படம், நான்கு மூலையிலும் பூ, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. எங்களைப்போல வேதக்காரர், கிறிஸ்தவர் என்றால் மெழுகுதிரி. "அன்னார், இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும்" என்று எழுதி எழுதி அந்தச் சொல் அவர் நாக்கிலும் ஒட்டிக்கொண்டது. பக்கத்துக் கடைக்காரர் எங்கே என்று கேட்டால், "அன்னார் தேத்தண்ணி குடிக்கப் போட்டார்" என்பார். சொந்தப் பெயரை ஊர் மறந்து கனகாலம்.

அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனால், "கொலரைச் சரியா விடுங்கோ. இது கனகாலம் நிக்கவேண்டிய படம்" என்று சொல்லிவிட்டுத்தான் படம் எடுப்பார். என் பெரியப்பா நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தோடம்பழத்தோடு பார்க்க வந்தார். பழத்தை வைத்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பெரியம்மாவிடம் மெதுவாக, "மருமக்களின்ர பேரை ஒருக்காச் சொல்லுங்கோ, எழுத்துப் பிழைக்கக்கூடாது" என்றார். பெரியப்பா கோபத்தில் எழும்பி உட்கார்ந்தவர்தான். இன்றைக்கும் பின்னேரங்களில் கடற்கரையில் நடக்கிறார். டொக்டர்மார் அதைத் தங்கள் மருந்து என்று நினைக்கிறார்கள்.

இப்படிப்பட்ட மனிதரிடம் நான் என் தேர்தல் நிதி சேர்க்கும் வேலையை ஒப்படைத்தேன்.

எங்கள் வீடிருக்கும் ஒழுங்கையின் வடிகான் அடைத்துப் பல மழைகள் கண்டுவிட்டது. மாரி வந்தால் மகளின் முன்பள்ளிக்குள் தண்ணீர் புகுந்து, பிள்ளைகள் கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பாட்டுப் படிப்பார்கள். கேட்டுக் கேட்டுக் களைத்த ஒழுங்கைக்காரர் உள்ளூராட்சித் தேர்தலுக்கு ஒரு சுயேச்சைக் குழு தொடங்கினார்கள். பெண் வேட்பாளர் வேண்டும் என்றதும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் முன்பள்ளிப் பெற்றோர் சங்கச் செயலாளர். அதோடு எனக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது.

வேட்புமனுவோடு கட்டும் கட்டுக்காசு, துண்டுப்பிரசுரம் என்று எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். பெரிய முதலாளி எவரிடமும் போவதில்லை, தெரிந்தவர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேர்ப்போம் என்று முடிவானது. ஈமெயிலிலும் முகநூலிலும் கேட்டு எழுதும் பொறுப்பு எனக்கு. எழுதி, அழித்து, திரும்ப எழுதி, கணவர் அருளிடம் காட்டினேன்.

"இதில எங்க காசு கேட்டிருக்கிறீர்?"

"மூண்டாம் பந்தியில."

"அதில மன்னிப்பெல்லோ கேட்டிருக்கிறீர்."

அதையே போட்டேன். நிறைய விருப்பக்குறி விழுந்தது. ஒரு மச்சாள் இதயம் போட்டாள். காசு மட்டும் வரவில்லை. ஊரில் ஒரு மாதிரிக் கதைப்பார்களோ, கை நீட்டுகிறாள் என்பார்களோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வேட்புமனுவில் பெயர் கொடுக்கும் நாளுக்கு முன் குழுவிடம் விலகிக்கொள்வதாகச் சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் தீர்மானித்தேன். ஆனால் முயன்று பார்க்காமல் விலகினேன் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே. கடைசி முயற்சியாக அன்னார் மாமாவிடம் போனேன்.

"பிள்ளை, முகநூலில சனம் எதையும் தட்டிக்கொண்டு போயிடும்" என்றார். "ஆனால் என்ர மெயிலைத் திறக்காமல் விடாது. ஆர் எண்டு பாக்கவேணுமே. படம் என்னட்டக் கிடக்கு. நீங்கள் வீட்ட போங்கோ."

போனேன். அவரிடம் இருந்தது ஒரேயொரு அச்சு என்பதை யோசிக்கவில்லை.

மறுநாள் காலை மகளை முன்பள்ளிக்குக் கூட்டிப்போக வெளிக்கிட்டால், ஒழுங்கை முகப்பில் ஆட்டோத் தரிப்பிடத்துக்காரர்கள் செத்தவீட்டு வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஆருக்கண்ணை?" என்று துக்கத்தோடு கேட்டேன்.

ஏணியில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். பிறகு கொடியோடு கீழே வந்தார், ஏணி இல்லாமல்.

அருளைக் கூப்பிட வீட்டுக்குத் திரும்பி ஓடினால், அவருடைய தொலைபேசி அடித்தது. அவர் குளித்துக்கொண்டிருந்ததால் நான்தான் எடுத்தேன். கொழும்பிலிருந்து என் சின்னம்மா, அழுத குரலில், "தம்பி, எப்பிடியப்பு நடந்தது?" என்றார்.

"சின்னம்மா, என்ன நடந்தது?"

அழுகை நின்றது. "ஆர் கதைக்கிறது?"

"நான்தான்."

அங்கே தொலைபேசி விழுந்து உடைந்த சத்தம் கேட்டது.

மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அன்னார் மாமாவின் கடைக்கு ஓடினேன். கணினியில் நான். நான்கு மூலையிலும் பூ, இரண்டு பக்கமும் மெழுகுதிரி. 'திருகோணமலையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கி, பெற்றோர், கணவர், மகள் என்று ஒருவர் பெயரும் விடுபடாமல் எழுதி, கீழே மிகச் சின்ன எழுத்தில் தேர்தலும் வடிகானும் வங்கிக் கணக்கு இலக்கமும் போட்டிருந்தார்.

"மாமா, நான் உயிரோட இருக்கிறன்."

"ஓம் பிள்ளை. அதைத்தானே கடைசி வரியில தெளிவாப் போட்டனான்: 'அன்னார் நலமாக உள்ளார்.'"

"அந்த வரி வரைக்கும் ஆர் வாசிச்சவை?"

"சனம் வாசிக்காதது என்ர பிழையே?" என்று நொந்துகொண்டார்.

ஆனால் காசு வந்திருந்தது. மலர்வளையத்துக்கு, பந்தலுக்கு, தாயில்லாப் பிள்ளையின் படிப்புக்கு என்று குறிப்புகளோடு. செத்தவளுக்கு வந்த காசில் உயிரோடு இருக்கிறவள் வாக்குக் கேட்கலாமா? கேட்கக்கூடாது என்று நான். "வந்தது வந்ததுதானே" என்று அவர். கடைசியில் நான் நாளெல்லாம் அந்தக் கடையில் இருந்து, நான் சாகவில்லை, மன்னிக்கவும், காசைத் திருப்பி அனுப்பட்டுமா என்று ஒவ்வொருவருக்கும் எழுதினேன். மகளுக்கு மாமா பிஸ்கற் வாங்கித் தந்து வேடிக்கை காட்டினார். இடையிடையே, "என்ர தொழிலில ஒரு அறிவித்தலையும் வாபஸ் வாங்கினதில்லை" என்று முணுமுணுத்தார். ஆனாலும் ஒரு 'திருத்தம்' போட்டார். பூவை எடுக்கத் தெரியாததால் அதற்குச் சிவப்பு நிறம் அடித்தார்.

எழுதுவதற்காகத்தான் அந்த அனுதாபங்களைத் திறந்தேன். திறந்தபின் விரல் ஓடவில்லை. கட்டாரில் வேலை செய்யும் பள்ளித் தோழி ஒருத்தி எழுதியிருந்தாள்: 'மழையில் என் சைக்கிள் காற்றுப் போனபோது, தன் சைக்கிளையும் உருட்டிக்கொண்டு வீடு வரை வந்தவள். தானும் நனைந்தாள், அதற்கும் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.' நான் அதை மறந்தே போயிருந்தேன். முன்பள்ளி ரீச்சர், 'கூட்டத்தில் எல்லோரும் பேசுவார்கள். பிறகு கதிரைகளை அடுக்கிவிட்டுப் போகிறவள் அவள்' என்று எழுதியிருந்தார். வாழ்நாளெல்லாம் ஊர் என்னைப் பற்றி என்ன நினைக்குமோ என்று பயந்தவளுக்கு, ஊர் நினைப்பது முழுவதும் ஒரே நாளில் வந்து சேர்ந்துவிட்டது. பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை.

"என்ன பிள்ளை, அழுறியள்?" என்றார் மாமா. "எழுத்துப் பிழையே?"

பதில்களும் வந்தன. கட்டார்த் தோழி, 'வாடிப்போற பூவுக்குப் போறதைவிட வடிகானுக்குப் போகட்டும், வைச்சிரு' என்றாள். அநேகமாக எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்களிடம் வாங்கச் சட்டம் விடாது என்று லண்டன் மாமி ஒருவரின் காசைத் திருப்பிவிட்டேன். அவருக்கு இன்னும் கோபம். "செத்தால் எடுப்பியள், உயிரோட இருந்தால் எடுக்கமாட்டியளோ?" என்று கேட்டார்.

நான் விலகவில்லை. வட்டாரத்தில் தோற்று, குழுவின் மொத்த வாக்குக்குக் கிடைத்த பட்டியல் ஆசனத்தில் சபைக்குள்ளே வந்தேன். வடிகான் துப்புரவாகிவிட்டது. இந்த மாரியில் பிள்ளைகள் காலை நிலத்தில் வைத்துக்கொண்டு பாட்டுப் படித்தார்கள். அதைச் சொல்ல அன்னார் மாமாவிடம் போனேன்.

"சந்தோசம் பிள்ளை" என்றார். "ஆனால் ஒரு பிரச்சினை. உங்கட அறிவித்தலை இனி நான் போட்டால் சனம் நம்பாது. அதனால நீங்கள் எனக்குப் பிறகுதான் போகவேணும்."

அது எனக்குப் பிடிக்காத ஏற்பாடு. இப்போதெல்லாம் காலையில் எழும்பியதும் தொலைபேசியில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரிகிறதா என்று பார்க்கிறேன். அது தெரிந்த பிறகுதான் அடுப்பை மூட்டுகிறேன்.