யூனிட் மூன்று: கூட்ட மேலாண்மை

எதையும் மூன்று முறை சரிபார்க்கிறவர்களிடம் ஒரு கோளாறு உண்டு. சின்னத் தப்பு அவர்களிடம் நடக்காது. நடந்தால் ஊருக்கே தெரிகிற மாதிரிதான் நடக்கும். நான் அந்த ரகம். கேஸை மூடிவிட்டு வாசல் வரை போய், திரும்பி வந்து, மூடியதை மறுபடி மூடுவேன்.

மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது, திருவண்ணாமலையில் நான் பாடம் நடத்தும் கல்லூரிக்குத் திரும்பினேன். திரும்பிய கையோடு ஒரு வெறி பிடித்தது: 'ஆன்மிகச் சுற்றுலா மேலாண்மை' என்று புதுப் பட்டப்படிப்பு தொடங்க வேண்டும். பாடத்திட்டம் முழுக்க நானே எழுதினேன் (ஒரு கையில் குழந்தை, மறு கையில் லேப்டாப். சில பக்கங்களில் ராகிக் கஞ்சி வாசனை அடிக்கும்).

படிப்பு தொடங்குவது டீக்கடை திறக்கிற மாதிரி இல்லை. முதலில் பாடத்திட்டக் குழு கூடி ஒப்புதல் தர வேண்டும். பல்கலைக்கழகம் அனுப்புகிற பேராசிரியர் அதில் இருந்தே ஆக வேண்டும். பிறகுதான் அது கல்விக் குழுவுக்குப் போகும். கல்விக் குழுவோ அடுத்த வாரம். அதற்குள் எங்கள் கூட்டம் முடியாவிட்டால் அந்த வருடம் படிப்பு கிடையாது.

"தேதியை நீயே வச்சிடும்மா" என்றார் துறைத்தலைவர் மேடம்.

வைத்தேன். ராகு காலம் பார்த்தேன், எமகண்டம் பார்த்தேன், குழந்தையின் தடுப்பூசி நாள் பார்த்தேன். எப்போதும் அடிதடியாக இருக்கும் செமினார் ஹால் அன்றைக்குக் காலியாக இருந்தது. ஏன் காலி என்று கேட்கத் தோன்றவில்லை. என் ராசி என்று பூரித்துப்போனேன்.

அன்று காலை மாமியார், "கிரிவலம் போய்ட்டு வந்துடறேன்மா" என்றார்.

"சரிங்க அத்தை, சீக்கிரம் வந்துடுங்க. எனக்கு மீட்டிங் இருக்கு." (அப்போதும் உறைக்கவில்லை!)

நான் புடவை மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தபோது பேராசிரியர் போன் செய்தார்.

"ஏம்மா, பஸ்ஸை ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்க. ஆட்டோவும் உள்ள போகாதாம். எல்லாரும் ஒரே பக்கமா நடக்கறாங்க. இன்னிக்கு என்ன விசேஷம்?"

என் கணவர் காலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பௌர்ணமிடி."

மாதாமாதம் ஊரே நிரம்பி வழிகிற நாளை மறந்த ஒரே ஆள் நான்தான். பிறந்தது பக்கத்திலிருக்கும் கீழ்பென்னாத்தூர் என்பதால், வெளியூர்க்காரி என்று தப்பிக்கவும் வழியில்லை.

குழந்தையையும் தூக்கிக்கொண்டு பைக்கில் கிளம்பினோம். முதல் திருப்பத்திலேயே போலீஸ்காரர் மறித்தார். "உள்ளூர்தானே நீங்க? பௌர்ணமின்னு தெரியாதா?"

"தெரியாதுங்க" என்றேன். உண்மையைத்தானே சொல்ல முடியும்?

பைக்கை அங்கேயே விட்டுவிட்டு ஓடினோம். மறுபடி போன். "நடுவுல நிக்கவே முடியலம்மா, தள்ளிக்கிட்டே வந்துட்டாங்க. அடி அண்ணாமலைன்னு போர்டு தெரியுது!" அது மலைக்குப் பின்பக்கம், கிரிவலப் பாதையில் இருக்கிற ஊர்.

கணவருக்குத் தெரிந்த சந்து பொந்தெல்லாம் புகுந்து போய்ச் சேர்ந்தோம். ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் பேராசிரியர். நெற்றி நிறைய விபூதி, ஒரு கையில் ஷூ, மறு கையில் யாரோ கொடுத்த மோர்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "சார், மன்னிச்சிடுங்க…"

"அத விடும்மா. மத்தவங்க எங்க?"

மற்றவர்கள் எப்படியோ ஹாலுக்குப் போய்விட்டிருந்தார்கள். வீடியோ கால் போட்டேன். மேடம் வாயைத் திறந்தபடி படம் உறைந்துபோனது. நல்லவேளை, குரல் மட்டும் வந்தது. பாடத்திட்டக் குழு பெஞ்சிலேயே கூடியது. நான் கையோடு கொண்டுபோயிருந்த பாடத்திட்டத்தைப் பேராசிரியர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். மூன்றாவது யூனிட்டில் நிறுத்தி, சத்தமாகப் படித்தார்.

"'விசேஷ நாட்களில் கூட்டத்தை முன்கூட்டியே கணித்துத் திட்டமிடுதல்.' இது யார் எழுதினதும்மா?"

சுற்றிலும் ஜனவெள்ளம். கணவர் சட்டென்று மலையைக் கும்பிட ஆரம்பித்தார்.

"நான்தான் சார்."

பேராசிரியர் மோர் புரையேறச் சிரித்தார். என் மகளும் கூடச் சேர்ந்து கெக்கலித்தாள் (பெற்ற பாசம்!). சிரித்து முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பாடம் நல்லா இருக்கு. ஆனா கிளாஸ்ல உட்கார்ந்து படிச்சா இது ஏறாது. எனக்கே இன்னிக்குத்தான் ஏறுச்சு" என்றார். பேனாவை எடுத்து ஒரு திருத்தம் எழுதினார். மாணவர்களுக்குப் பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் களப்பணி கட்டாயம். பொறுப்பாசிரியர், இந்தப் பாடத்தை எழுதியவரே.

"ஒத்துக்கறோம் சார்!" என்றது போனுக்குள்ளிருந்து மேடம் குரல். என்னை யாரும் கேட்கவில்லை. கணவரின் முதுகில் தாளை வைத்துப் பேராசிரியர் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் கல்விக் குழுவும் ஒப்புதல் தந்தது. திருத்தத்தோடுதான். செய்தி கேட்டுச் சமையலறையில் குதித்தேன். பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது மாதம் தவறாமல் மாணவர்களோடு பாதையில் நிற்கிறேன். மாமியாரும் தன் தோழிகளோடு தவறாமல் அந்த வழியாக வருகிறார். என்னைக் காட்டி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார்: "என் மருமகதான். இந்தக் கூட்டத்துக்கே பாடம் நடத்தறா. ஆனா வீட்ல விசேஷம்னா தேதிய மட்டும் இவகிட்ட கேட்டுடாதீங்க."