கரடிக் கடையின் குடும்பப் பட்டியல்

ஒரு காட்டில் ஒரு கரடி மிட்டாய்க் கடை வைத்திருந்தது. எந்தக் காடு என்று கேட்காதீர்கள், அங்குள்ள வியாபாரிகள் கூச்ச சுபாவம் உள்ளவர்கள். கரடியின் பெயர் கோமதிநாயகம். தேன் மிட்டாய், கடலை உருண்டை, இஞ்சி மரப்பா மூன்றும் அந்தக் கடையில் பிரசித்தம். காடே அதை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும்.

கடையில் வேலைக்கு மூன்று பேர். பொட்டலம் கட்ட ஏகாம்பரம் என்ற கொக்கு. மூட்டை சுமக்கப் பொதிகாசலம் என்ற கழுதை. வியாபாரம் பார்க்கச் செண்பகவல்லி என்ற மந்தி. பொழுது விடியுமுன் வந்தால் விளக்கு வைத்த பிறகுதான் போகலாம். வாரத்தில் ஏழு நாளும் வேலை. வாரத்துக்கு எட்டு நாள் இல்லையே என்பது அண்ணாச்சிக்கு ஒரு குறை. உட்கார ஒரு ஸ்டூல் கூடக் கிடையாது.

"அண்ணாச்சி, நின்னு நின்னு கால் வீங்கிட்டு. வாரத்துல ஒரு நாளாவது லீவு குடுங்க" என்று கொக்கு ஒரு நாள் கேட்டது.

"நீ கொக்குவே. நிக்கதுதான உன் பிழைப்பு? குளத்துல சும்மா நிப்ப, இங்க சம்பளத்தோட நிக்க" என்றது கரடி.

எனக்கு இந்த இடத்தில் கரடியின் மேல் நல்ல கோபம் வருகிறது. ஆனால் கதை சொல்கிறவன் குறுக்கே விழக்கூடாது. அந்த வேலையை மந்தி செய்தது. தன் செல்போனை எடுத்துத் தொழிலாளர் நலத்துறைக்கு ஒரு புகார் தட்டிவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை, ஓடைக்கு அந்தப் பக்கத்து மேட்டில் ஆய்வாளர் தெரிந்தது. ஆய்வாளர் ஓர் ஆமை. கரடியின் கடையில் திடீர் சோதனை போட வந்துகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை மேட்டை விட்டு இறங்கியது. புதன்கிழமை ஓடையைத் தாண்டியது. கரடிக்குப் புதன்கிழமைதான் பயம் வந்தது. பக்கத்தில் செல்போன் கடை வைத்திருந்த நரியிடம் ஓடியது.

"இதுக்குப் போய் ஏன் பதறுதீய?" என்றது நரி. "வேலையாளுன்னாத்தான் நியமனக் கடிதம், வார லீவு, ஸ்டூல், கக்கூஸ் எல்லாம் குடுக்கணும். குடும்பத்து ஆளுன்னா வனக் கடைகள் சட்டம் கிட்டயே வராது. மூணும் எங்க சொந்தக்காரங்கன்னு சொல்லிருங்க."

கரடிக்கு வாயெல்லாம் பல். கடைக்கு வந்து மூவரையும் வரிசையாக நிறுத்தியது. "ஆய்வாளர் முன்னால நான் என்ன சொன்னாலும் தலையாட்டணும். ஆட்டாத தலைக்கு நாளையில இருந்து இங்க வேலை கிடையாது" என்றது. மூன்றுக்கும் வேறு பிழைப்பு இல்லை. இப்போதே ஆட்டிப் பழகின.

வியாழக்கிழமை மதியம் ஆமை திடீரென்று கடைக்குள் நுழைந்தது. கரடியின் மனைவி சொர்ணம் உள்ளே அடுப்படியில் இருந்து ஒரு தம்ளர் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, பாகு முறுகிவிடும் என்று திரும்ப ஓடியது. ஆமை மோரைக் குடித்துவிட்டு டேப்லெட்டைத் திறந்தது.

"இங்க எத்தனை தொழிலாளிங்க?"

"தொழிலாளியா? ஒருத்தர் கூட இல்லைங்கய்யா. எல்லாம் நம்ம குடும்பம்."

"இந்தக் கொக்கு?"

"எங்க சித்தப்பா மகன்."

"கரடிக்குக் கொக்கு எப்படிச் சித்தப்பா மகன்?"

"சித்தப்பா கொஞ்சம் ஒல்லி."

ஆமை எழுதிக்கொண்டது. கழுதை, மனைவியோடு கூடப் பிறந்த மச்சினன் ஆயிற்று. மந்தி, சொந்தத் தங்கச்சி ஆயிற்று. கேட்டபோதெல்லாம் மூன்று தலைகளும் ஆடின. கழுதையின் தலை கேட்காதபோதும் ஆடியது. கடைசியில் கரடியின் கைரேகையை இயந்திரம் கேட்டது. நகம்தான் பதிந்தது. நாலாவது தடவை இயந்திரமே சலித்துப்போய் ஏற்றுக்கொண்டது. குடும்பப் பட்டியல் முத்திரையோடு கடைச் சுவரில் ஒட்டப்பட்டது. ஆமை வந்த வழியே கிளம்பியது.

வெள்ளிக்கிழமை காலை கொக்கு பத்தரை மணிக்கு வந்தது. வந்ததும் முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்தது.

"எந்திரிவே. உன்னை வேலையை விட்டு நிறுத்திட்டேன்" என்று கரடி கத்தியது.

"சித்தப்பா மகனை எப்படிண்ணே நிறுத்துவீய?" என்று கொக்கு சாந்தமாகக் கேட்டது. "அதை விடுங்க. நம்ம தாத்தா குகையில எங்கப்பா பங்கை எப்ப பிரிச்சுக் குடுக்கீய?"

கரடி சிரித்தது. கொக்கு சுவரில் இருந்த முத்திரையைக் காட்டியது. கரடி சிரிப்பை நிறுத்தியது. அன்று மாலையே கொக்கு அலகால் குகையின் நடுவே ஒரு கோடு கிழித்துத் தன் பாதியில் தண்ணீரைத் தேக்கி மீன் விட்டது. கரடியின் கட்டில் அந்தப் பாதியில்தான் கிடந்தது.

சனிக்கிழமை மந்தி தாம்பூலத்தோடு வந்தது. "அண்ணே, உங்க மருமக்கமார் பதினோரு பேருக்கும் நாளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும். சீர்த்தட்டு குறைஞ்சா சொர்ணம் மைனிக்குத்தான் அசிங்கம்" என்றது. மறுநாள் கரடி மேளதாளத்தோடு கடைத்தெரு வழியே சீர் சுமந்து போனது. பதினோரு குட்டிகளும் ஊசி ஏறிய அடுத்த நொடியே தாய்மாமனைக் கடித்தன. சில குட்டிகள் ஊசிக்கு முன்பே கடித்தன.

கழுதைதான் எல்லாவற்றையும் விட மோசம். ஒன்றும் கேட்காது. மூட்டையைத் தொடாமல், கடை வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். "நான் வந்தப்ப அத்தான் 'வா'ன்னு ஒரு வார்த்தை சொல்லல" என்று போகிற வருகிறவர்களிடம் சொல்லும். கரடி 'வா' என்றால், குரலில் மரியாதை இல்லை என்று இன்னும் நாலு அடி தள்ளிப் போய் நிற்கும். மூட்டைகளைக் கரடியே சுமந்தது.

பதினைந்து நாளில் கரடி பாதியாக இளைத்துவிட்டது. கடையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான் என்கிற நிலைமை. ஆய்வாளரைத் தேடி ஓடியது. பத்தே நிமிடத்தில் பிடித்துவிட்டது. ஓடைக்கு அந்தப் பக்கத்து மேட்டில் ஆமை இன்னும் ஏறி முடித்திருக்கவில்லை. கரடி அதை அப்படியே தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தது.

"அய்யா, இவங்க தொழிலாளிங்கதான். நியமனக் கடிதம், ஸ்டூல், லீவு எல்லாம் தாரேன். குடும்பத்துல இருந்து மட்டும் எடுத்துருங்க."

"சேர்க்கப் படிவம் இருக்கு, நீக்கப் படிவம் இல்லை" என்றது ஆமை. "வேணும்னா சொந்தக்காரங்களா இருந்துக்கிட்டே வேலையும் பார்க்கலாம். அவங்க சம்மதிக்கணும்."

மூன்றும் மூலையில் கூடிப் பேசின. பிறகு மந்தி வந்து சொன்னது: "ஆறு நாள் வேலையாளா வாரோம். ஏழாம் நாள் லீவு. லீவன்னைக்குச் சொந்தக்காரங்களா வீட்டுக்குச் சாப்பிட வாரோம். இன்னைக்கே லீவுல இருந்து ஆரம்பிச்சுக்கிடுதோம்."

கரடி கண்ணை மூடிக்கொண்டு சம்மதித்தது. ஆமை மூன்று நியமனக் கடிதங்களை நிரப்பி முடித்தது. அப்போது சொர்ணம் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியில் இருந்து வந்தது.

"அய்யா, எனக்கும் ஒரு கடிதம் போடுங்க."

"இவ என் பொஞ்சாதிங்க" என்று கரடி சிரித்தது. "வீட்டு ஆளுக்கு எதுக்குக் கடிதம்?"

ஆமை சுவரில் இருந்த பட்டியலை மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தது. "கோமதிநாயகத்தின் குடும்பம். ஏகாம்பரம், பொதிகாசலம், செண்பகவல்லி. சொர்ணம்னு யாரும் இல்லையே?"

"எழுத விட்டுப்போச்சுங்க" என்றது கரடி.

"இருபத்திரண்டு வருஷமா விட்டுப்போச்சு" என்றது சொர்ணம்.

ஆமை தொண்டையைச் செருமியது. "பட்டியல்ல இல்லாதவங்க கடையில வேலை பார்த்தா அவங்க தொழிலாளி. அம்மா, இதுவரைக்கும் எத்தனை நாள் லீவு எடுத்திருக்கீங்க?"

"பிரசவத்துக்கு ரெண்டு தடவை. அன்னைக்கும் பாகுக்குப் பதம் பார்த்துக் குடுத்தேன்."

ஆமை கணக்குப் போட்டது. ஆமை என்பதால் நேரம் பிடித்தது. எடுக்காத வார விடுமுறை மட்டும் மூன்று வருஷத்துக்கு மேல் வந்தது. "உங்க இஷ்டம்மா, எப்ப வேணும்னாலும் எடுத்துக்கிடலாம்" என்றது.

"இப்ப" என்றது சொர்ணம். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, ஜாடியில் இருந்து ஒரு தேன் மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டது. தான் செய்த மிட்டாயை அது உட்கார்ந்து தின்றதில்லை, அன்றும் நடந்துகொண்டேதான் தின்றது. ஆனால் மெதுவாக நடந்தது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

"ஏட்டி சொர்ணம், பாகு கொதிக்கு" என்று கரடி அலறியது.

"உங்க தங்கச்சிட்ட சொல்லுங்க" என்று தூரத்தில் இருந்து பதில் வந்தது.

கரடி மந்தியைப் பார்த்தது. மந்தி பதினோரு குட்டிகளோடும் இலை போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தது.

"இன்னைக்கு எனக்கு லீவுண்ணே. சாப்பாடு ஆயிட்டா?" என்றது.

நீதி: சட்டத்தை ஏய்க்க நினைக்கும் முதலாளி, யாரை வேண்டுமானாலும் சொந்தக்காரர் என்று எழுதலாம். ஆனால் முதல் வரியில் மனைவியின் பெயரை எழுதிவிட வேண்டும்.